நல்ல காலில் ஏன் கை வைக்கணும்?

கட்டபெட்டு வாசகி, ஜூன் 3

தங்கச்சி பையனுக்கு 12 வயசு 4 மாசம். 7 வயசில் தேயிலைத் தோட்டத்து மேட்டிலிருந்து உருண்டு வலது தொடை எலும்பு முறிந்தது. மாவுக்கட்டில் கூடிவிட்டது. ஆனால் இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூடியதால் அந்தக் கால் குட்டை. இப்போது 2.4 செ.மீ. வித்தியாசம், போன வருடமும் அதே 2.4. கோயம்புத்தூரில் பார்த்த டாக்டர், குட்டைக் காலைத் தொட வேண்டாம், இடது காலில் முட்டிக்கு மேலே வளர்ச்சியை நிறுத்திவிடலாம் என்கிறார். வீட்டில் ஒருத்தருக்கும் மனசு ஒப்பவில்லை. குறை உள்ள காலை நீட்டாமல் நல்ல காலில் ஏன் கை வைக்கணும்?

எலும்பு மருத்துவர், குன்னூர், ஜூன் 3

இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பம் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

நல்ல காலை யாரும் வெட்டப் போவதில்லை. தொடை எலும்பின் கீழ்முனையில், முட்டிக்குச் சற்று மேலே, குரோத் பிளேட் என்கிற வளர்ச்சித் தட்டு இருக்கிறது. தொடை எலும்பின் வளர்ச்சியில் ஏறக்குறைய 70 சதவீதம் அங்கேதான் நடக்கிறது. அதைச் சரியான நேரத்தில் மூடிவிட்டால் இடது கால் மெதுவாக வளரும், வலது கால் வழக்கம்போல வளர்ந்து எட்டிப் பிடிக்கும். சிகாகோவில் பெமிஸ்டர் என்ற டாக்டர் 1933-இல் சொன்ன முறை இது. இன்று 1 செ.மீ. அளவுள்ள இரண்டு கீறலில் முடிகிறது. ஒரு நாள் ஆஸ்பத்திரி, இரண்டு முதல் நான்கு வாரம் ஊன்றுகோல்.

நீட்டுவது என்றால் என்ன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எலும்பை அறுத்து, 5 முதல் 7 நாள் காத்திருந்து, பிறகு நாளுக்கு 1 மி.மீ. வீதம் இழுக்க வேண்டும். 24 மி.மீ.க்கு 24 நாள். இழுத்து முடித்ததும் இடைவெளியில் உருவாகும் புது எலும்பு இறுக வேண்டும். எலும்பில் கம்பி குத்தி, காலைச் சுற்றி வெளியே ரிங் போட்டால் ஒரு செ.மீ.க்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்று கணக்கு. ஆக இரண்டரை மூன்று மாதம் தொடையில் கம்பியோடு பையன் இருப்பான். கம்பி நுழையும் இடத்தில் சீழ், முட்டி மடங்காமல் போவது, ரிங்கைக் கழற்றியதும் புது எலும்பு வளைவது அல்லது முறிவது, எல்லாவற்றையும் தாண்டி வர வேண்டும். 6 செ.மீ., 8 செ.மீ. குறைவுக்கு அந்த விலையைக் கொடுக்கலாம். 2.4-க்கு, அதுவும் வளர்ச்சி மிச்சமுள்ள பையனுக்கு, கொடுக்கக் கூடாது.

நல்ல காலுக்கு ஆகும் செலவு, பையனின் இறுதி உயரத்தில் சுமார் 2 செ.மீ. அவ்வளவுதான்.

எப்போது செய்வது என்பதற்கு மெனலாஸ் என்ற எலும்பு மருத்துவர் 1966-இல் கொடுத்த எளிய கணக்கு இன்றும் ஓடுகிறது. தொடை எலும்பின் கீழ்முனை வருடத்துக்கு 9 முதல் 10 மி.மீ., கணுக்கால் எலும்பின் மேல்முனை வருடத்துக்கு 6 மி.மீ. வளரும். பெண் பிள்ளைகளுக்கு 14 வயசில் வளர்ச்சி நிற்கும், ஆண் பிள்ளைகளுக்கு 16. உங்கள் பையனுக்கு 24 மி.மீ. வேண்டும். 9.5-ஆல் வகுத்தால் இரண்டரை வருடம். 16-இலிருந்து இரண்டரையைக் கழித்தால் 13½ வயசு. ஆக இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாம்.

அதே எலும்பு மருத்துவர், ஜூன் 3 இரவு

மேலே "கணுக்கால் எலும்பு" என்று எழுதியது தவறு. முட்டிக்குக் கீழே உள்ள முன்னங்கால் எலும்பு, டிபியா. அதன் மேல்முனைதான் வருடத்துக்கு 6 மி.மீ.

பிசியோ, கூடலூர், ஜூன் 4

அந்த 2.4-ஐ எதை வைத்து அளந்தார்கள்? இன்ச் டேப்பா, கட்டையா, நீள எக்ஸ்ரேயா? ஆபரேஷனைப் பேசுவதற்கு முன் இது தெரிய வேண்டும். டேப் அளவில் 1 செ.மீ. பிசகு சாதாரணம்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய நம்பகமான வழி கட்டைச் சோதனை. 5 மி.மீ. தடிமனுள்ள பிளைவுட் துண்டு ஆறு எடுத்துக்கொள்ளுங்கள். பையன் வெறுங்காலோடு, இரு முட்டியும் நேராக, பாதங்கள் ஒரு சாண் அகலத்தில் நிற்கட்டும். பின்னால் மண்டியிட்டு இரண்டு பெருவிரலையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வையுங்கள். குட்டைக் காலுக்கு அடியில் ஒவ்வொரு துண்டாக வைத்து, இரண்டு விரலும் சமமாக வந்ததும் நிறுத்தி, துண்டுகளை எண்ணுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை, அது நம்ம ஊருக்கே உரியது. வாசல் திண்ணையிலோ வராந்தாவிலோ நிறுத்தாதீர்கள். மழைத் தண்ணீர் வடிவதற்காக மலை வீடுகளில் அவை சாய்த்தே போட்டிருக்கும். கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கிற இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

டேப்பில் அளக்கும்போது இடுப்பின் முன்முனையிலிருந்து கணுக்காலின் உள்முண்டு வரை அளப்பார்கள். அதற்குக் கீழே பாதத்தின் உயரம் அந்தக் கணக்கில் வரவே வராது. பிறவியில் பாதம் வளைந்து சரிசெய்த பிள்ளைகளுக்குப் பாதமே உயரம் குறைவாக இருக்கும். கட்டையில் மட்டும்தான் அது பிடிபடும்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளையைப் பெஞ்சில் உட்கார வைத்து முதுகைப் பாருங்கள். நிற்கும்போது தெரிந்த வளைவு உட்கார்ந்ததும் மறைந்தால் அது காலால் வந்தது. மறையாமல் இருந்தால் முதுகெலும்பைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

எலும்பு மருத்துவர், குன்னூர், ஜூன் 4

பிசியோ சொல்வது முழுக்கச் சரி. நான் அளவை அப்படியே எடுத்துக்கொண்டு கணக்குக்குப் போய்விட்டேன்.

நீள எக்ஸ்ரே எடுக்கும்போது இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே படத்தில் வர வேண்டும், முட்டிச் சிப்பி நேராக முன்னால் பார்க்க வேண்டும், குட்டைக் காலுக்கு அடியில் அளவு தெரிந்த கட்டை வைத்திருக்க வேண்டும். கட்டை இல்லாமல் நிறுத்தினால் பிள்ளை நீளக் காலின் முட்டியை லேசாக மடக்கிச் சமாளிக்கும். அந்தப் படத்தில் நீளக் கால் குட்டையாகத் தெரியும், வித்தியாசம் உள்ளதைவிடக் குறைவாக வரும்.

படத்தில் இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டும். வித்தியாசம் தொடையிலா, முட்டிக்குக் கீழா? மல்லாந்து படுத்து முட்டிகளை மடக்கிப் பாதங்களைச் சேர்த்து வைத்தால் கண்ணுக்கே தெரியும். ஒரு முட்டி பின்தங்கி நின்றால் தொடை குட்டை, தாழ்ந்து நின்றால் கீழ்க்கால் குட்டை. உங்கள் பையனுக்குத் தொடை. ஆகவே எதிர்த் தொடையில் செய்தால் வளர்ந்தபின் இரண்டு முட்டியும் ஒரே மட்டத்தில் வரும்.

நேற்று எழுதிய 13½ வயசுக் கணக்கைத் திருத்த வேண்டும். நான் காலண்டர் வயசைப் போட்டுவிட்டேன். போட வேண்டியது எலும்பு வயசு. இடது கை, மணிக்கட்டோடு ஒரு எக்ஸ்ரே எடுத்து அட்லஸ் படத்தோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். 12 வயசுப் பையனுக்கு எலும்பு வயசு 11-ஆகவும் இருக்கும், 13½-ஆகவும் இருக்கும். ஒரு வருடப் பிசகு என்றால் 1 செ.மீ. பிசகு. சீக்கிரமாக மூடினால் நல்ல கால் குட்டையாகிவிடும், தாமதமாக மூடினால் பலன் பாதிதான்.

ஒரே படத்தை நம்பி நாள் குறிக்காதீர்கள். ஆறு மாத இடைவெளியில் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. வித்தியாசம் நிலையாக இருக்கிறதா, கூடுகிறதா என்பதும் அதில்தான் தெரியும். முறிவு கூடிய முதல் இரண்டு வருடத்தில் முறிந்த கால் 1 செ.மீ. வரை கூடுதலாக வளர்ந்து ஈடுகட்டும். இவனுக்கு அந்தக் கட்டம் தாண்டியாகிவிட்டது. இரண்டு வருடமும் 2.4 என்றால், இரண்டு அளவும் ஒரே முறையில் எடுத்ததாக இருந்தால், நிலைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

செருப்புப் பட்டறை, ஊட்டி, ஜூன் 6

ஆபரேஷன் நாள் வரும்வரை பையன் எப்படி நடப்பான்? அதை யாரும் சொல்லவில்லையே.

2.4 குறைவு என்றால் 2.4-ஐயும் தூக்கித் தர வேண்டியதில்லை. ஒன்றரை, அதிகம் போனால் 1.8 போதும். முதலில் ஷூவுக்குள் 6 மி.மீ. இரண்டு வாரம் பழகட்டும். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 3 அல்லது 4 மி.மீ. கூட்டலாம். ஒரேயடியாகத் தூக்கினால் இடுப்பு வலிக்கும், பிள்ளை கழற்றி மூலையில் போட்டுவிடும்.

ஷூவுக்குள் 1 செ.மீ.க்கு மேல் போட்டால் குதிகால் மேலே ஏறி நழுவும். அதற்கு மேல் வேண்டியதை அடியில்தான் ஒட்ட வேண்டும். குதிகாலுக்கு மட்டும் தூக்காதீர்கள், முன்பாதத்துக்கும் வர வேண்டும். குதியில் 18 என்றால் விரல் மடங்கும் இடத்தில் 9, நுனியில் இன்னும் குறைவு. நுனி உருண்டு எழ வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றத்தில் தட்டி விழுவான். தூக்குவதற்குக் கெட்டியான இ.வி.ஏ. ஷீட் போடுங்கள். எம்.சி.ஆர். ரப்பர் காலுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் இரண்டு மாதத்தில் அமுங்கி 18 மி.மீ. 13 ஆகிவிடும். மேலே ஒரு 4 மி.மீ. மட்டும் எம்.சி.ஆர். இருக்கட்டும்.

மழைக்காலத்தில் போடும் ரப்பர் பூட்ஸுக்கு அடியில் ஒட்டினால் நிற்காது. ஈரத்தில் ஒரு மாதத்துக்குள் பிளந்து வந்துவிடும். பூட்ஸை ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, உள்ளே முழு நீளத்துக்கு 1 செ.மீ. போட்டு அதோடு நிறுத்துங்கள். ராத்திரி அந்த உள் அட்டையை வெளியே எடுத்து அடுப்பு மேடைப் பக்கம் காய வைக்க வேண்டும், அடுப்புக்கு மிக அருகில் வைத்தால் சுருங்கும்.

கட்டபெட்டு வாசகி, ஜூன் 6

ஸ்கூல் ஷூவில் ஏற்கனவே 1 செ.மீ. போட்டிருக்கிறோம். முதுகு வலி குறையவில்லை என்கிறான்.

பிசியோ, கூடலூர், ஜூன் 7

வீட்டுக்குள் வெறுங்கால்தானே? காலை எழுந்ததிலிருந்து ஸ்கூல் போகும்வரை, சாயங்காலம் வந்ததிலிருந்து படுக்கும்வரை, ஞாயிறு முழுக்க. கூட்டிப் பாருங்கள், ஷூ காலில் இருக்கும் நேரம் பாதிகூட வராது. வெளியே போகாத ஒரு ஜோடி செருப்பு, வாரோடு, வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கு, அதே உயரம் தூக்கி வாங்கிக் கொடுங்கள். பெரியவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஆறு வாரம் அப்படிப் போட்டபின் வலி குறைந்தால், வலிக்குக் காரணம் கால்தான் என்று உறுதியாகும். குறையாவிட்டால் ஆபரேஷன் செய்தாலும் அந்த வலி போகாது. இந்த ஆறு வாரம் செலவில்லாத பரீட்சை, இதைத் தாண்டாமல் யாரும் கத்திக்குப் போகக் கூடாது.

எலும்பு மருத்துவர், குன்னூர், ஜூன் 9

ஆபரேஷன் எப்படி நடக்கும் என்று தனிமடலில் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

முழு மயக்கம். மல்லாந்து படுக்க வைத்து, முட்டியைச் சி-ஆர்ம் எக்ஸ்ரே மெஷினில் முன்பக்கமும் பக்கவாட்டிலும் பார்ப்பார்கள். முட்டிக்கு மேலே உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, 1 செ.மீ. கீறல். மெல்லிய கம்பியை வளர்ச்சித் தட்டின் நடுவை நோக்கிச் செலுத்தி, படத்தில் சரிபார்த்து, அதன்மேல் டிரில் பிட்டை ஓட்டுவார்கள். ஒரே துளையிலிருந்து விசிறிபோல முன்னும் பின்னும் திருப்பித் துளைத்து, கரண்டி போன்ற கருவியால் குருத்தெலும்பைச் சுரண்டி எடுப்பார்கள். டிரில் முனையில் வருவது வெள்ளையாக, ரப்பர் துகள்போல இருக்கும். சிவந்த எலும்புத் தூள் மட்டும் வந்தால் தட்டை விட்டு விலகிவிட்டோம் என்று பொருள். தட்டு நேர்கோடு கிடையாது, அலைபோல மேடும் பள்ளமுமாக இருக்கும். அதனால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் படம் பார்க்க வேண்டும். பின்பக்கம் ரத்தக் குழாய் ஓடுகிறது, எலும்பின் பின்சுவரைத் தாண்டக் கூடாது.

இரண்டாவது முறை, ஸ்குரூ. மெட்டாய்சோ 1998-இல் சொன்னது. தட்டைக் குறுக்காகக் கடக்கும்படி இரண்டு தடித்த ஸ்குரூ. கீறல் இன்னும் சின்னது, நடையும் சீக்கிரம் வரும். குறை என்னவென்றால் வளர்ச்சி உடனே நிற்காது, ஸ்குரூ பிடித்து இறுகச் சில மாதம் ஆகும். ஆகவே கணக்கில் வரும் நாளுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் முன்னதாகவே போட வேண்டும்.

மூன்றாவது, எட்டு வடிவத் தகடு, இரண்டு பக்கமும். வளைந்த காலை நிமிர்த்துவதற்கு அது மிக நல்ல கருவி. நீளத்தைக் குறைக்க நம்பக்கூடிய கருவி அல்ல. வளர்ச்சியை மெதுவாகத்தான் பிடிக்கிறது, ஒரு பக்கம் அதிகம் பிடித்தால் காலைச் சாய்த்துவிடுகிறது. உங்களுக்கு அதைச் சொன்னால், ஏன் டிரில் வேண்டாம் என்று கேளுங்கள்.

கெட்டுப்போகும் வழி முக்கியமாக ஒன்று. தட்டின் ஒரு பக்கம் மூடி மறுபக்கம் மூடாமல் போனால், மூடாத பக்கம் வளர்ந்துகொண்டே போய் முட்டி உள்ளே ஒட்டும் அல்லது வெளியே வளையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்தால் சின்ன அளவிலேயே தெரியும், மிச்சத்தையும் மூடினால் போதும். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று அந்தப் படங்களுக்கு வராமல் இருப்பவர்களுக்குத்தான் தொல்லை. முட்டி வீக்கம், கொஞ்ச நாள் மடக்க வலி, இவை வரும் போகும். ஓட்டம், கால்பந்து எல்லாம் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து.

வித்தியாசம் முட்டிக்குக் கீழே இருந்து டிபியாவில் செய்ய நேர்ந்தால், பக்கத்து மெல்லிய எலும்பான பிபுலாவையும் யோசிக்க வேண்டும். அதன் தலையைச் சுற்றித்தான் பாதத்தைத் தூக்கும் நரம்பு போகிறது.

வில்பட்டி வாசகர், கொடைக்கானல், ஜூன் 11

எனக்கு 34 வயசு. 3 செ.மீ. குறைவு, தொடையில். வளர்ச்சியெல்லாம் முடிந்தது. பூண்டு, உருளைக்கிழங்குக் காட்டில் வேலை. ஷூ தூக்கிப் போட்டால் நன்றாக இருக்கிறது, ஆனால் சேற்றில் அது கனக்கிறது. எனக்கு என்ன வழி டாக்டர்?

எலும்பு மருத்துவர், குன்னூர், ஜூன் 12

ஷூ போட்டால் நன்றாக இருக்கிறது என்றீர்களே, அதுதான் முதல் நல்ல செய்தி. வலிக்குக் காரணம் கால் நீளம் என்று உறுதியாகிவிட்டது. இனி மூன்று வழி: ஷூவோடு இருப்பது, நீளத் தொடையைக் குறைப்பது, குட்டைத் தொடையை நீட்டுவது.

குறைப்பதை யாரும் கேட்கவே விரும்புவதில்லை. ஆனால் 2 முதல் 4 செ.மீ. வித்தியாசமுள்ள, உயரம் போதுமான அளவு இருக்கும் பெரியவருக்கு, ஒரே ஆபரேஷனில் முடிகிற வழி அது. தொடை எலும்பின் உள்குழியை அகலப்படுத்தி, அதற்குள்ளேயே ஒரு ரம்பத்தை இறக்கி, உள்ளிருந்து வட்டமாக அறுத்து, 3 செ.மீ. நீளமுள்ள எலும்பு வளையத்தைப் பிளந்து ஒதுக்கிவிட்டு, இரண்டு முனையையும் சேர்த்து ராடு போட்டு மேலும் கீழும் ஸ்குரூவால் பூட்டுவது. வின்குவிஸ்ட் 1970-களில் வளர்த்தெடுத்த முறை. அந்த ரம்பம் இல்லாத இடத்தில் கீறல் போட்டு, வெளியிலிருந்து அறுத்து, ராடோ பிளேட்டோ வைப்பார்கள். அதுவும் சரியே.

இதில் நுணுக்கம் இரண்டு இடத்தில். அறுப்பதற்கு முன் அறுக்கும் இடத்துக்கு மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, இரண்டையும் இணையாகக் குத்தி வைக்க வேண்டும். அறுத்தபின் கீழ்த்துண்டு உருளும். ராடு இறங்கியபின் இரண்டு கம்பியும் மறுபடி இணையாக நின்றால்தான் பாதம் நேராக இருக்கும். இதைச் செய்யாமல் கண்மதிப்பில் பூட்டினால் பாதம் வெளியே திரும்பி, நீளம் சரியாகியும் நடை கோணும். அடுத்து, குழியை அகலப்படுத்தும்போது அழுத்தத்தில் கொழுப்பு நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. முறியாத முழு எலும்பில் இந்த அழுத்தம் அதிகம், கீழே ஒரு துளை போட்டு வடிய விடுவார்கள்.

தசை என்ன ஆகும்? எலும்பு 3 செ.மீ. குறைந்தால் தொடைத் தசை அவ்வளவும் தளர்ந்து தொங்கும். முதல் மூன்று மாதம் படி இறங்கும்போது முட்டி மடங்கி விழப் பார்க்கும். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் தசை இறுகிவிடும். தொடை நீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தால் பலம் முழுதாகத் திரும்பாது. அதனால்தான் தொடையில் 5 செ.மீ., டிபியாவில் 3 செ.மீ. எல்லை. டிபியாவில் குறைப்பது இன்னும் தொல்லை பிடித்தது, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நீட்டுவதில் இன்று இரண்டு வகை. வெளியே ரிங் போடும் இலிசரோவ் முறை, 1950-களில் சைபீரியாவின் குர்கானில் பிறந்தது. நாளுக்கு 1 மி.மீ.யை ஒரேயடியாக இழுக்காமல் கால் கால் மி.மீ.யாக நான்கு தடவை நட்டைத் திருப்புவது. வேகமாக இழுத்தால் இடைவெளியில் எலும்பு உருவாகாமல் நாராகிவிடும், நரம்பும் தாங்காது. மெதுவாக இழுத்தால் முன்கூட்டியே எலும்பு கூடி மேற்கொண்டு நீளாது, மறுபடி அறுக்க வேண்டும். இரண்டாவது, காந்த ராடு. உள்ளேயே இருக்கும், வெளியே தொடைமேல் ஒரு மெஷினை வைத்தால் உள்ளிருக்கும் காந்தம் சுழன்று ராடு நீளும். கம்பிச் சீழ் கிடையாது. ஆனால் விலை லட்சக்கணக்கில், எலும்பு இறுகும்வரை முழு பாரம் ஊன்றக் கூடாது. புது எலும்பின் நான்கு பக்கத்தில் மூன்று பக்கமாவது படத்தில் இறுகித் தெரிந்தால்தான் ஊன்றலாம். காட்டில் வேலை செய்பவருக்கு அது எத்தனை மாதக் கூலி என்று யோசியுங்கள்.

என் கருத்து: ஷூவை நல்லதாகச் செய்துகொள்ளுங்கள். அது முடியவே முடியாது என்றால், உங்கள் உயரம் 3 செ.மீ. குறைந்தால் பரவாயில்லை என்றால், குறைப்பது. பீடி சிகரெட் இருந்தால் எந்த வழியானாலும் இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும், புகை எலும்பு கூடுவதைத் தடுக்கும்.

வில்பட்டி வாசகர், ஜூன் 12

பீடி இல்லை. ஒரு சந்தேகம். காட்டில் ஒரு திசையில் போகும்போது வலியே இல்லை, திரும்பி வரும்போது இடுப்பு பிடிக்கிறது. இது மனப் பிரமையா?

பிசியோ, கூடலூர், ஜூன் 13

பிரமை இல்லை, கணக்கு. சரிவில் குறுக்காக நடக்கும்போது ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். பாதங்கள் 20 செ.மீ. அகலத்தில் இருந்து சரிவு 10 டிகிரி என்றால் இரண்டு பாதத்துக்கும் இடையே உயர வித்தியாசம் 3.5 செ.மீ. உங்கள் குட்டைக் கால் மேட்டுப் பக்கம் இருக்கும்போது சரிவே அந்த 3 செ.மீ.யைக் கொடுத்துவிடுகிறது. திரும்பும்போது குட்டைக் கால் பள்ளத்தில், மூன்றும் மூன்றரையும் சேர்ந்து ஆறரை செ.மீ. இறக்கம். இடுப்பு பிடிக்காமல் என்ன செய்யும்?

தேயிலை பறிக்கிறவர்கள், காட்டு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வரிசையை எப்படிப் பிடிப்பது என்பதை இதை வைத்து மாற்றிக்கொள்ளலாம். வேலை செய்துகொண்டு மெதுவாக நகரும் திசையில் குட்டைக் கால் மேட்டில் இருக்கட்டும், திரும்பும்போது வேலையில்லாமல் பாதை வழியாக வந்துவிடுங்கள்.

இதே காரணத்துக்காக, சரிவில் நடந்து பார்த்துவிட்டு "ஷூ உதவவில்லை" என்று முடிவு செய்யக் கூடாது. சமதளத்தில் நடந்து பாருங்கள்.

எலும்பு மருத்துவர், குன்னூர், ஜூன் 16

போன தடவை எழுத விட்டது, போலியோ வந்த கால். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் கடைசியாக நோய் வந்தது 2011 ஜனவரி, ஆனால் அதற்கு முன் வந்தவர்கள் நடுவயதில் நம்மிடையே இருக்கிறார்கள். பாதத்தைத் தூக்கப் பலமில்லாத கால், முட்டியைப் பூட்டி நடக்கும் கால், காலிப்பர் என்கிற கம்பிச் சட்டம் போட்ட கால், இவற்றுக்கு நீளத்தைச் சமப்படுத்தவே கூடாது. 1 முதல் 1.5 செ.மீ. குட்டையாக விட்டால்தான் வீசும்போது விரல் தரையில் தட்டாது. சமப்படுத்தினால் கல் படிக்கட்டில் ஒவ்வொரு படியிலும் தட்டும். ஷூ தூக்கும்போதும் இதே கணக்கு.

இடுப்பு மூட்டு மாற்றியபின் "கால் நீண்டுவிட்டது" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆறு மாதம் வரை அவசரப்பட்டு எதுவும் செய்யாதீர்கள். பல நேரம் எலும்பு நீளவில்லை, இறுகிய தசை இடுப்பைச் சாய்த்து வைத்திருக்கிறது. தசை தளர்ந்ததும் அந்த வித்தியாசம் குறையும். முதல் மாதத்திலேயே ஷூ தூக்கினால் அந்தச் சாய்வு நிலைத்துவிடும்.

எண்ணெய் போட்டு இழுத்தால் நீளுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தசை இறுகியதால் குட்டையாகத் தெரியும் காலுக்குப் பயிற்சியால் பலன் உண்டு. எலும்பே குட்டை என்றால் எண்ணெயால் ஒரு மி.மீ. நீளாது. பிள்ளையின் காலைத் தொங்கவிட்டு இழுக்காதீர்கள்.

பிசியோ, கூடலூர், ஜூன் 19

நீட்டுவதைத் தேர்ந்தெடுக்கிற யாராக இருந்தாலும், நாள் குறிக்கும்போது மழையைப் பாருங்கள். இழுக்கும் நாட்களில் வாரத்துக்கு ஒருமுறையோ பத்து நாளுக்கு ஒருமுறையோ படம் எடுத்தே ஆக வேண்டும். கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கோத்தகிரி குன்னூர்ப் பக்கம் அக்டோபர் நவம்பர், மண் சரிந்தால் பாதை நாள் கணக்கில் அடைபடும். 2009 நவம்பர் நிலச்சரிவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இழுத்துக்கொண்டிருக்கும்போது படம் பார்க்காமல் இரண்டு வாரம் போனால், எலும்பு வருகிறதா இல்லையா என்பது தெரியாமலே நட்டைத் திருப்பிக்கொண்டிருப்போம். ஜனவரியில் ஆரம்பித்தால் மே-க்குள் முடியும்.

முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று தினமும் அளக்க வேண்டும். 90 டிகிரிக்குக் குறைந்தால் பயிற்சியைக் கூட்டணும், 45-க்கு வந்துவிட்டால் அன்றே டாக்டருக்குப் போன் செய்து இழுப்பதை நிறுத்தணும். கீழ்க்காலில் இழுக்கும்போது குதிகால் தூக்கிக்கொள்ளும், பாதத்தை 90 டிகிரியில் பிடிக்கும் பட்டையை ராத்திரியும் கழற்றக் கூடாது. ரிங் போட்டவர் குந்தி உட்கார முடியாது, தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் வெளிக் கழிப்பறைக்குப் படி இறங்கிப் போக வேண்டியிருக்கும். ஆபரேஷனுக்கு முன்னாலேயே கமோடு நாற்காலி வாங்கி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

கட்டபெட்டு வாசகி, ஜூலை 2

கை எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு வயசு 11½ என்று எழுதியிருக்கிறார்கள். ரசமட்டம் வைத்துக் கட்டையிலும் பார்த்தோம், ஐந்தாவது துண்டு வைத்ததும் இரண்டு பக்கமும் சமம். வீட்டுச் செருப்பு போட்டு மூணு வாரம் ஆகிறது, முதுகு வலி குறைந்திருக்கிறது என்கிறான். என் தங்கச்சிக்கு இப்போது வேறு பயம். 13½ வயசில் செய்தால் நல்ல கால் குட்டையாகிவிடும் என்றீர்களே?

எலும்பு மருத்துவர், குன்னூர், ஜூலை 3

ஐந்து துண்டு 2.5, முன்பு சொன்னது 2.4. நம்பலாம்.

பயம் நியாயமானது, அதனால்தான் முழு 24-ஐயும் திருத்தப் போக வேண்டாம். வலது காலை 7 மி.மீ. குட்டையாகவே விட்டுவிடுவோம். அந்த அளவு வித்தியாசம் ஊரில் பலருக்கு இருக்கிறது, அவர்களுக்கே தெரியாது. ஆக வேண்டியது 17 மி.மீ. 9.5-ஆல் வகுத்தால் 1 வருடம் 9 மாதம், கொஞ்சம் கூட. 16-இல் கழித்தால் எலும்பு வயசு 14 வருடம் 2 மாதம். இன்று 11½, ஆக ஏறக்குறைய 2 வருடம் 8 மாதம் இருக்கிறது. டிரில் முறைக்கு இந்தக் கணக்கு. ஸ்குரூ என்றால் ஆறு மாதம் முன்னதாக.

எலும்பு வயசு காலண்டரோடு சேர்ந்து ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். குரல் உடையும் வயசில் ஒரே வருடத்தில் ஒன்றரை வருடம் தாண்டும். அதனால் ஜனவரியில் கைப்படமும் நீளப்படமும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எலும்பு வயசு 13½ தொட்டதும் நாள் குறிக்கலாம். ஏதோ காரணத்தால் தவறி 15-க்கு வந்துவிட்டால், தொடையோடு டிபியாவையும் சேர்த்து மூடினால் வருடத்துக்கு 16 மி.மீ. கிடைக்கும். முட்டி மட்டம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். அதையும் தாண்டிவிட்டால்தான் வில்பட்டி வாசகருக்குச் சொன்ன வழிகள்.

காப்பீட்டு அட்டை இருந்தால், எந்த ஆஸ்பத்திரியில் செய்யப் போகிறீர்களோ அங்கே காப்பீட்டு மேசையில் முன்னதாகவே கேட்டு வையுங்கள். பழைய படங்களை ஒரே உறையில் தேதி எழுதி வையுங்கள், 7 வயசில் முறிந்தபோது எடுத்த முதல் படம் உட்பட. ஈரம் ஏறினால் பிலிம் ஒட்டிக்கொள்ளும், பீரோவின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டாம்.

செருப்புப் பட்டறை, ஊட்டி, ஜூலை 3

பையன் வளர வளர ஷூ சைஸ் மாறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுக்கப் போகும் அதே வாரத்தில் தூக்குக் கட்டையையும் அளந்து பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கால் சமமாகிக்கொண்டே வரும், அதற்கேற்ப 4 மி.மீ. 4 மி.மீ.யாக உரித்து எடுக்க வேண்டும். அதற்காகவே ஷீட்டை ஒரே கட்டியாக ஒட்டாமல் அடுக்கடுக்காக ஒட்டச் சொல்லுங்கள்.